மாத்திரை வரிசையில் கேட்ட கேள்விகள்: உடம்புக்கும் மனசுக்கும் அன்றாடப் பழக்கங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பத்து வருஷம் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் பிரிவில்தான் வேலை. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருபவர்கள், அட்டையை நீட்டிக்கொண்டே ஏதாவது கேட்பார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது எத்தனையோ பேருக்கு அரைகுறையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு இப்போது நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விகள் யாரோ சிலருக்கானவை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளியானது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 15.3 சதவீதம் பேர் அதன் வாசற்படியில், 35.5 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம் என்று அது சொன்னது. அதாவது மூன்று பேர் உட்கார்ந்து பேசினால் ஒருவருக்குப் பிரஷர்.

நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒன்றே ஒன்றிலிருந்து. அந்த ஒன்றையும் தனியாகத் தூக்கிச் சுமக்காதீர்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற வேலை எதுவோ, அதோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மாதாமாதம் வரும்போது, "நாளையிலருந்து அஞ்சு மணிக்கு எழுந்து நடக்கப்போறேன் சிஸ்டர்" என்பார். அடுத்த மாதம் வரும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். பாதி வருஷம் இப்படியே போனது. ஒருநாள் பேச்சுவாக்கில், "வீட்டுக்குப் பால் யாருங்கய்யா வாங்குறது?" என்று கேட்டேன். மகன் பைக்கில் போய் வாங்கி வருவாராம். "இனிமே நீங்க போங்க, நடந்தே. பக்கத்து பூத் வேண்டாம், பெரிய கோயில் பக்கத்துல இருக்கே, அங்க போய் வாங்குங்க" என்றேன். போக வர அரை மணி நேரம் ஆகும் தூரம். அப்புறம் அவர் ஒரு நாளும் நடையைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. ஐப்பசி மழையில் வந்தபோது நானே கேட்டேன். "மழைன்னு பால் வாங்காம இருக்க முடியுமா சிஸ்டர்? குடையோட போயிட்டு வந்தேன்" என்றார்.

அவருக்கு நடை ஒரு தீர்மானமாக இருந்தவரை தோற்றுக்கொண்டே இருந்தார். பால் வாங்கும் வேலைக்குள் நடை புகுந்ததும் அது நிலைத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்தக் கணக்கு பழக்கங்களை அளந்து பார்த்துச் சொன்னது இல்லை. 1960ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். வாய்க்கு வாய் மாறி, "குறைந்தது" உதிர்ந்துபோய், 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஆகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். ஒரு வேலை யோசிக்காமல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. இன்னும் சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, உடற்பயிற்சி மெதுவாகத்தான் ஒட்டுகிறது. அதனால் ஒரு மாதம் ஆகியும் சிரமமாக இருக்கிறதே, நமக்கு ராசி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்க் கணக்கில் தை பிறந்ததும் ஆரம்பித்தால் பங்குனி முதல் வாரத்தில்தான் பிடிபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா?

இந்த எண்ணும் மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொல். விளம்பரத்துக்கு வைத்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

2019ல் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது. 7,500 அடிவரை பலன் ஏறிக்கொண்டே போய், அதற்குமேல் சமமாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஏனென்றால் பத்தாயிரம் என்று கேட்டதுமே "நம்மால ஆகாது" என்று உட்கார்ந்துவிட்ட எத்தனை அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. 150 என்று வைத்தால் நாளுக்கு இருபத்தைந்து நிமிடத்துக்குக் கூடக் குறைவாகத்தான் வருகிறது. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றும் இல்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம்.

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு நடங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அவ்வளவு உயரத்துக்குப் போகாது. ஐந்து நிமிடம் நடந்தாலே வித்தியாசம் உண்டு. இரவு கை கழுவியதும் தெருமுனை வரை போய் வந்தால் போதும், அதுவே முடிச்சு.

எச்சரிக்கை ஒன்று. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சட்டைப் பையிலோ இடுப்புச் சுருக்கிலோ இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். அது உடற்பயிற்சி இல்லையா?

உண்டு, கட்டாயம் உண்டு. கூட்டுவதும் துடைப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் உடம்புக்கு உழைப்புதான். அதை உழைப்பில்லை என்று சொல்லும் ஆளை நான் நம்பமாட்டேன். ஆனால் அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது வேறு. அது கால் வீக்கத்தைத்தான் கொடுக்கும், நெஞ்சுக்கு வேலை கொடுக்காது. அப்புறம் இன்னொன்று. வீட்டு வேலை செய்யும்போது மனசு யாருக்காவது வேலை செய்துகொண்டே இருக்கும். இருபது நிமிடம் வெளியே நடந்தால் அந்த நேரம் உங்களுடையது. நான் சொல்லி அனுப்பிய பெண்களில் நடையைத் தொடர்ந்தவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்காகத் தொடரவில்லை, அந்த இருபது நிமிடத்துக்காகத்தான்.

முட்டி வலி. நடக்கவே முடியவில்லை, என்ன செய்ய?

கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கப் பாருங்கள். முடியவில்லை என்றால் கையை ஊன்றியே எழுந்திருங்கள். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. தொடைத் தசைக்கு வலு வந்தால் முட்டி தாங்க வேண்டிய பாரம் குறையும். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து தடவை என்று ஒரு பாட்டிக்குச் சொன்னேன். சீரியலுக்கு நடுவே எவ்வளவு விளம்பரம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பல் துலக்கும்போது சுவரை ஒரு கையால் பிடித்தபடி ஒற்றைக் காலில் கொஞ்சம் நில்லுங்கள், அப்புறம் மற்ற காலில். வயதானவர்களைப் படுக்கையில் தள்ளுவது பல நேரம் குளியலறையில் விழும் ஒரு விழுகைதான். முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோற்றை நிறுத்தினால்தான் சர்க்கரை குறையுமா?

சோற்றை விடச் சொல்லி நான் யாரையும் அனுப்பியதில்லை. விட்டவர்கள் பதினைந்தாம் நாள் இரண்டு மடங்காகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் தட்டின் கணக்கில் இருக்கிறது. நம் மதியத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் மலைபோல் சோறு, அதில் குழி, குழியில் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். சில வீடுகளில் அந்தப் பொரியலும் உருளைக்கிழங்கு. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. நாலு பேர் வீட்டில் ஒன்றரை கிலோ காய் நறுக்க வேண்டும். எத்தனை வீட்டில் நறுக்குகிறோம்?

விலை ஏறிக் கிடக்கும்போது ஒன்றரை கிலோ எல்லாராலும் முடியாது, எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வது ஒரே மாற்றம். சோறு போடும் பெரிய கரண்டியைப் பொரியலுக்கும், பொரியல் கரண்டியைச் சோற்றுக்கும் மாற்றிவிடுங்கள். புடலங்காய், சுரைக்காய், அவரை, முருங்கைக்கீரை என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பது போதும். கூட ஒரு கைப்பிடி சுண்டலோ, பாசிப்பயறோ, முட்டையோ, மீனோ, ஒரு கிண்ணம் தயிரோ இருக்கட்டும். முதலில் காயையும் பருப்பையும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைத்தால், சர்க்கரை ஏறும் வேகம் குறையும். இந்த வரிசை மாற்றத்துக்குக் காசு செலவே இல்லை.

சிறுதானியம் நல்லதுதான். ஆனால் கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். "கம்பு, ராகிதானே சிஸ்டர்" என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு வந்து, ரிப்போர்ட்டைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

உப்பு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்?

பாக்கெட்டை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால் சமையலில் மட்டுமே நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட் கணக்கெல்லாம் அதற்கு மேலே.

குறைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். முதலில் சோறு வடிக்கும்போது போடும் உப்பையும் மோரில் போடும் உப்பையும் விடலாம். சாப்பிடும் இடத்திலிருந்து உப்பு ஜாடியை அடுப்படிக்கு மாற்றிவிடுங்கள். பொட்டாசியம் கலந்த உப்பு கடையில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

காபி, டீயை விட வேண்டுமா?

வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம் என்று அதே 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. டீயிலும் காபியிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கும்போது, இட்லியோடு காபி என்கிற வழக்கம் நமக்கு நல்லதில்லை.

ஒரு கப் டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. நாளுக்கு 300ஐத் தாண்டக் கூடாது. அதைவிட எனக்குக் கவலை அதில் விழும் சர்க்கரைதான். கப்புக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு கப் குடித்தால் எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். ஆளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீர் எவ்வளவு?

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமானது குடிக்கிறீர்கள். அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. கத்திரி வெயிலில் வெளிவேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் உங்களுக்கு.

ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. மாத்திரை தருவீர்களா?

மாத்திரை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்டது, "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?" என்பதுதான். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. முதல் நாள் எவ்வளவு லேட்டாகத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வாசலுக்கோ மாடிக்கோ போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும், இரவில் தூக்கம் தன் நேரத்துக்கு வரும். வாசல் தெளித்துக் கோலம் போடும் பழக்கம் இருக்கிறவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியம் படுத்தால் அரை மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். குடித்த காஃபினில் பாதி கரையவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால் மாலை நாலு மணிக்குமேல் காபி வேண்டாம். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது போல் ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அதன்பிறகு சீட்டுப் பணம், பிள்ளை ஃபீஸ், வாடகை என்று மனசு கணக்குப் போடும் என்பார்கள் பலர். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் தீராது, எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். அந்தக் கணக்குக்கு ராத்திரி ஏழு மணியைக் கொடுத்துவிடுங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், என்ன கவலை, நாளைக்கு அதில் செய்ய முடிந்த ஒரு வேலை என்ன என்று இரண்டு வரி. எழுதி மூடியதை மனசு திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

பெருங்குறட்டை விட்டு, நடுவில் மூச்சே நின்று, திடுக்கென்று விழிக்கிறார் என்று மனைவி சொன்னால் அது சோர்வுத் தூக்கம் இல்லை. பிரஷரையும் ஏற்றும், இதயத்தையும் கெடுக்கும். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீருக்காக மூன்று நாலு தடவை எழுந்திருக்கிறீர்கள் என்றால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

படபடப்பாக இருக்கிறது. உடனே என்ன செய்யலாம்?

முதலில் இது. நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, இதில் எது இருந்தாலும் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். "வாயுதான்" என்று சோடா குடித்துக் காத்திருந்து நேரத்தை இழந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

இவை எதுவும் இல்லாத படபடப்பு என்றால், மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். படபடப்பு வரும் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. சாதாரண நாளிலேயே பழக வேண்டும். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு முதல் விசில் வரும்வரை செய்து பாருங்கள்.

மனசு கனமாக இருக்கிறது. அதற்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாதமாக அவருக்குப் பிரஷர் 160/100க்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. உப்பு, தூக்கம் எல்லாம் கேட்டேன், எல்லாவற்றுக்கும் "சரிங்க சிஸ்டர்" என்றார். கையிலிருந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களாம்மா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மகள் வாழ்க்கை முறிந்து வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாம். தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று, மாப்பிள்ளை வெளிநாட்டு வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே நாள் முழுக்கப் போய்விடுகிறது. கடைசியில்தான் சொன்னார், "மாத்திரையை எடுத்தா முழுங்கவே மனசு வரல, அப்படியே டப்பாவுல போட்டுடுவேன்."

நாங்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தோம், அவர் அதை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். மனசு சோர்ந்தால் கை மாத்திரைக்குப் போகாது, கால் நடைக்குப் போகாது, சமைத்ததைச் சாப்பிடவும் தோன்றாது. உடம்புக்கு ஒரு பழக்கம், மனசுக்கு ஒரு பழக்கம் என்று தனித்தனியாக நான் எழுதாததற்குக் காரணம் அந்த அம்மாதான்.

பேச ஒரே ஒரு ஆள் போதும். அக்கா, மதினி, கூடப் படித்தவள், யாராக இருந்தாலும் சரி. புத்தி சொல்லாமல் கேட்கும் ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்ல முடியாது என்றால் எழுதுங்கள். 1986ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்களை மனசைப் பாதித்ததைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், நாலு நாள் எழுத வைத்தார்கள். அதன்பின் வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எழுத்துப் பிழை, கையெழுத்து எதையும் பார்க்க வேண்டாம். எழுதிக் கிழித்தும் போடலாம்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் அது பழக்கத்தால் சரிசெய்கிற விஷயம் இல்லை. அது நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. இலங்கையில் 1926. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்று பயப்படாதீர்கள். சளிக்குக் காட்டுவது போலத்தான் அதுவும்.

போனை விட முடியவில்லை.

விட வேண்டாம், தூரமாக வையுங்கள். ராத்திரி சார்ஜரைப் படுக்கும் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தால் எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாது.

அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து நாற்காலியை விட்டு எழுவதில்லை. என்ன செய்வது?

"நடங்க நடங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள்; அது அவருக்குக் குறைபோலக் கேட்கும். அவரை நம்பி ஒரு வேலை இருக்கட்டும். பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுவது, காய் வாங்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, எது வேண்டுமானாலும். வேலையோடு போன நண்பர்களில் ஒருவரைத் திரும்பப் பிடித்துக் கொடுங்கள். ஹார்வர்டில் 1938ல் தொடங்கி எண்பது வருஷத்துக்கு மேல் தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதில் யாருக்கு நெருங்கிய உறவுகள் திருப்தியாக இருந்தனவோ, அவர்கள்தான் எண்பது வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்று அது காட்டியது. டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் பேசிவிட்டு வருவதை வெட்டிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். அந்த டீயில் சர்க்கரை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அரசு அடையாளம் காட்டியது. எடுத்ததும் எட்டு கிலோமீட்டர் வேண்டாம். ஆனால் அங்கே நடக்கிறவர்கள் இருப்பார்கள், பேச்சுத்துணை கிடைக்கும்.

வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறதே?

பார்க்கும் விதத்தில்தான் இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள்.

ஊருக்குப் போனோம், கல்யாணம், காய்ச்சல். எல்லாம் விட்டுப்போயிற்று. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

இல்லை. மேலே சொன்ன லண்டன் ஆய்விலேயே, ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது கெட்டுப்போகவில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், பாதி அளவாக. இருபது நிமிடம் நடந்தவர் பத்து நிமிடம். காய்ச்சலுக்குப் பிறகு என்றால் இன்னும் மெதுவாக.

பழக்கமெல்லாம் வந்துவிட்டது, அளவும் நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவு நன்றாக இருப்பதில் அந்த மாத்திரையின் பங்கும் இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகள் பிரஷரை முன்பைவிடத் தூக்கிவிடும். மூன்று மாதம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தேதி, பிரஷர், காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை, எடை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று வாயால் சொல்வதை வைத்து யாரும் மாத்திரையைக் குறைக்க மாட்டார்கள், நோட்டை வைத்துக் குறைப்பார்கள்.

பால் வாங்கப் போன அந்தப் பெரியவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இப்படி எழுதிக்கொண்டு வந்தார். பென்சிலில், கோணல் மாணலாக, மழை பெய்த நாளுக்குப் பக்கத்தில் "மழை" என்றுகூட எழுதியிருந்தார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிச் சீட்டு எழுதினார். பெரியவர் அதை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் இதே நோட்டைக் கொண்டாரவா, புதுசு வாங்கவா?" என்று கேட்டார்.